முப்பது வோல்ட் என்று அச்சிட்ட பவர் சப்ளை கிட்: எதை மாற்றுவது, எதை விட்டுவிடுவது?

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் கைபேசிகளையும் சிறிய 12 வோல்ட் கருவிகளையும் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். 0 முதல் 30 வோல்ட் வரை, 3 ஆம்பியர் வரை தரும் என்று அச்சிட்ட பவர் சப்ளை கிட் ஒன்றை இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு வாங்கினேன், பாகங்களை இன்னும் பலகையில் பற்றவைக்கவில்லை. 24 வோல்ட் டிரான்ஸ்பார்மர் கொடுத்தால் ஐ.சி. போய்விடும் என்கிறார் நண்பர். எவற்றை மாற்றினால் நம்பிப் பயன்படுத்தலாம்?

பதில்: உங்கள் நண்பரின் அச்சம் நியாயமானது. இந்தக் கிட்டில் வழக்கமாக வரும் டி.எல்.081 ஆப்-ஆம்ப் (வெளியீட்டைக் கட்டுப்படுத்தும் ஐ.சி. இதுதான்), தன் இரு மின்வழங்கல் முனைகளுக்கும் இடையே அதிகபட்சம் 36 வோல்ட்டைத்தான் தாங்கும். 24 வோல்ட் மாறுமின்னோட்டத்தை டி.சி. ஆக்கினால் உச்சம் 34 வோல்ட்டை நெருங்கும். அதோடு கிட் தானே உருவாக்கிக்கொள்ளும் சுமார் 5 வோல்ட் எதிர்மின்னழுத்தமும் சேர்ந்தால் அப்போதே வரம்பு கடந்துவிடுகிறது. சுமை இல்லாத நேரத்தில் டிரான்ஸ்பார்மர் குறித்த அளவைவிடக் கூடுதலாகவே தரும். பாசன மோட்டார்கள் நின்ற பிறகு வீட்டு மின்னழுத்தம் 250 வோல்ட்டுக்கு ஏறும் ஊர்களில் கணக்கு 40 வோல்ட்டைத் தாண்டும்.

இதற்குப் பலரும் சொல்லும் வழி, 44 வோல்ட் தாங்கும் டி.எல்.ஈ.2141 போன்ற ஆப்-ஆம்ப்களை வாங்கி மாற்றுவது. அது சரியான வழிதான் என்றாலும், உங்கள் வேலைக்கு அதைவிட எளிய வழி உண்டு: 24 வோல்ட்டுக்குப் பதிலாக 18 வோல்ட் டிரான்ஸ்பார்மர் போடுங்கள். கைபேசிக்கு 4 வோல்ட் அளவும் மற்றக் கருவிகளுக்கு 12 வோல்ட்டும் போதும் என்னும்போது, பயன்படாத 30 வோல்ட்டுக்காக ஐ.சி.யை ஆபத்தில் வைக்க வேண்டியதில்லை. 18 வோல்ட்டில் மொத்த மின்னழுத்தம் 36-க்குள் அடங்கும். 2 ஆம்பியர் அளவில் 15 வோல்ட் வரை சீராக எதிர்பார்க்கலாம். மின்னழுத்தத்தைக் கூட்டும் குமிழின் மேல்பகுதி மட்டும் பயனற்றுப் போகும்.

வெப்பத்தைப் பொறுத்தவரையும் இதுவே நல்லது. குறைந்த மின்னழுத்தத்தில் அதிக மின்னோட்டம் எடுக்கும்போதுதான் கிட்டில் உள்ள 2என்3055 டிரான்சிஸ்டர் மிகுதியாகச் சூடேறும், ஏனெனில் மீதி வோல்ட் முழுவதையும் அதுவே எரித்தாக வேண்டும். 4 வோல்ட்டில் 3 ஆம்பியர் எடுத்தால், 24 வோல்ட் டிரான்ஸ்பார்மரில் 70 வாட்டுக்கு மேலும் 18 வோல்ட்டில் 50 வாட் அளவிலும் வெப்பமாகும். தரவுத்தாளில் உள்ள 115 வாட் தாங்குதிறன் என்பது டிரான்சிஸ்டரின் உறை 25 பாகையில் இருக்கும்போது மட்டும் பொருந்துவது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அந்த எண்ணை நம்பக்கூடாது. ஆகவே வெப்பத்தை வெளியேற்றும் பெரிய உலோக ஹீட் சிங்க் கட்டாயம் வேண்டும். முடிந்தால் இரண்டு 2என்3055-களை, ஒவ்வொன்றின் எமிட்டரிலும் 0.22 ஓம் ரெசிஸ்டர் வைத்து, இணையாக மாட்டுங்கள். உலோக உறையே கலெக்டர் என்பதால், அதற்கும் ஹீட் சிங்குக்கும் இடையே மின்சாரம் பாயாமல் தடுக்கும் மைக்கா தகடு விடுபடக்கூடாது. இந்த டிரான்சிஸ்டரில் போலிகள் மிகுதி. கிட்டோடு வந்ததை நம்பாமல், ஓசூர் வழியாகப் பெங்களூரு எஸ்.பி. சாலைக்குப் போகும்போது பெயருள்ள கடையில் ரசீதோடு வாங்குவதே மேல்.

டிரான்ஸ்பார்மரில் மிச்சம் பிடிக்க நினைப்பதுதான் பெரும்பாலோர் ஏமாறும் இடம். 3 ஆம்பியர் டி.சி. தொடர்ந்து வேண்டுமானால் 5 ஆம்பியர் டிரான்ஸ்பார்மர் வேண்டும். 3 ஆம்பியர் என்று எழுதியதிலிருந்து ஏறத்தாழ 1.8 ஆம்பியர் டி.சி.தான் தொடர்ந்து எடுக்கலாம். கிட்டைவிட இதன் விலை கூடுதலாகவே இருக்கும். பில்டர் கெபாசிட்டர் 3300 மைக்ரோஃபாரட் என்றால் 3 ஆம்பியரில் டி.சி. மின்னழுத்தம் 7, 8 வோல்ட் அளவுக்கு ஏறி இறங்கும்; அதை 10,000 மைக்ரோஃபாரட், 50 வோல்ட்டாக மாற்றுங்கள். கிட்டில் உள்ள 0.47 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் 3 ஆம்பியரில் 4 வாட்டுக்கு மேல் சுடும் என்பதால் 10 வாட் ரெசிஸ்டரைப் பலகையிலிருந்து சற்று உயர்த்திப் பொருத்துங்கள்.

கைபேசி வேலைக்கு நான் வற்புறுத்திச் சொல்வது, மின்னழுத்தத்தை நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்க உதவும் பத்துச் சுற்று பொட்டன்ஷியோமீட்டர். சாதாரணக் குமிழைக் கை சற்றுத் தட்டினாலே ஒரு வோல்ட் ஏறிவிடும். வாடிக்கையாளரின் கைபேசி அதைத் தாங்காது. உலோகப் பெட்டிக்கு எர்த்தும், டிரான்ஸ்பார்மரின் பிரைமரியில் (வீட்டு மின்சாரம் நுழையும் பக்கத்தில்) ஃப்யூஸும் இல்லாமல் ஒரு நாளும் இயக்க வேண்டாம்.

இவ்வளவையும் கூட்டிப் பார்த்தால், நல்ல ஆயத்த பவர் சப்ளையின் விலையை நெருங்கிவிடுவீர்கள். கற்றுக்கொள்ளும் ஆர்வம் இருந்தால் கட்டுங்கள். கடைக்கு நாளையே வேண்டும் என்றால் ஆயத்தமானதை வாங்குங்கள்.

கேள்வி: பாலக்கோட்டில் இருக்கிறேன். இதே போன்ற கிட்டை, விளம்பரத்தில் சொன்னபடி 24 வோல்ட் கொடுத்து இயக்கியபோது ஐ.சி. எரிந்தது. பற்றவைத்துவிட்டதால் திரும்பப் பெற முடியாது என்கிறார் விற்பனையாளர். நான் எந்தப் பாகத்தையும் மாற்றவில்லை.

பதில்: குறைபாடுள்ள பொருளையோ, விளம்பரப்படுத்திய தன்மை இல்லாத பொருளையோ திரும்பப் பெற மறுக்கக்கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் கூறுகின்றன. கிட் என்பது பற்றவைப்பதற்காகவே விற்கப்படுவது. ஆகவே பற்றவைத்தார் என்பது மட்டும் காரணமாகாது. ஆனால் பாகம் எதையும் நீங்கள் மாற்றவில்லை என்பதைக் காட்ட வேண்டியிருக்கும் என்பதால், பலகையின் இருபக்கப் படங்கள், டிரான்ஸ்பார்மரின் லேபிள், "24 வோல்ட் உள்ளீடு" என்ற விளம்பர வரியின் திரைப்பிடிப்பு ஆகியவற்றை எடுத்து வைத்து, முதலில் எழுத்துமூலம் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். அதிலும் தீராவிட்டால், 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, விற்பனையாளர் எந்த ஊரில் இருந்தாலும், வழக்கறிஞர் இன்றி முறையிடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.