கேள்வி நேரம்: பிப்ரவரி செய்த குற்றம் என்ன?

கேள்வி: மற்ற மாதங்களுக்கு 30 அல்லது 31 நாட்கள் இருக்க, பிப்ரவரிக்கு மட்டும் ஏன் 28 நாட்கள்? ரோமப் பேரரசர் அகஸ்டஸ் தம் பெயரைக் கொண்ட ஆகஸ்டு மாதத்துக்காக அதிலிருந்து ஒரு நாளை எடுத்துக்கொண்டார் என்று படித்திருக்கிறேன். அது உண்மைதானா?

பதில்: உண்மையன்று. சொல்வதற்குச் சுவையாக இருப்பதாலேயே நூற்றாண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும் கதை அது. 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சாக்ரோபோஸ்கோ என்ற அறிஞரின் நூல் வழியே பரவியது. 'செக்ஸ்டிலிஸ்' என்று வழங்கிவந்த மாதத்துக்குக் கி.மு. 8-இல் அகஸ்டஸின் பெயர் சூட்டப்பட்டபோது, அதற்கு ஏற்கெனவே 31 நாட்கள் இருந்தன.

பழைய ரோமானிய ஆண்டு மார்ச்சில் தொடங்கி டிசம்பரில் முடிந்த பத்து மாத ஆண்டு. செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பர் என்னும் பெயர்களுக்கு ஏழு, எட்டு, ஒன்பது, பத்து என்பதே பொருள். சப்தமி, அஷ்டமி, நவமி, தசமி என்று எண்ணிப் பழகிய காதுக்கு அந்த ஒலி அந்நியமாகத் தோன்றாது. பின்னர் நூமா என்ற அரசர் ஜனவரியையும் பிப்ரவரியையும் சேர்த்து, ஆண்டை 355 நாட்களாக்கினார் என்பது ரோமானியர்களின் மரபுச் செய்தி. இரட்டைப்படை எண்ணை அவர்கள் தீய சகுனமாகக் கருதியதால், மாதங்களுக்கு 29 அல்லது 31 என்று ஒற்றைப்படையிலேயே நாட்களை வகுத்தார்கள். ஆனால் பன்னிரண்டு ஒற்றைப்படை எண்களைக் கூட்டினால் விடை இரட்டைப்படையாகத்தான் வரும் என்பதால், 355 என்ற மொத்தம் கிடைக்க ஏதேனும் ஒரு மாதமாவது இரட்டைப்படையாக இருந்தாக வேண்டும். இறந்தோருக்கான சடங்குகளும் தூய்மைச் சடங்குகளும் நடந்த பிப்ரவரியின் தலையில் அந்தப் பழி விழுந்தது. ஜூலியஸ் சீசர் கி.மு. 45 முதல் ஆண்டை 365 நாட்களாக நீட்டியபோதும், கூடுதலான பத்து நாட்களை மற்ற மாதங்களுக்கே பங்கிட்டார். பிப்ரவரிக்குக் கிடைத்தது நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே ஒரு நாள்தான்.

கேள்வி: 2000 லீப் ஆண்டு, 1900 மட்டும் ஏன் லீப் ஆண்டு இல்லை?

பதில்: சீசரின் கணக்குப்படி ஓர் ஆண்டு என்பது 365 நாட்களும் 6 மணி நேரமும். பருவங்கள் திரும்பிவரும் உண்மையான காலம் அதைவிட ஏறத்தாழ 11 நிமிடங்கள் குறைவு. இந்தச் சிறு பிழை சேர்ந்துகொண்டே போனதால், 1582-இல் போப் பதின்மூன்றாம் கிரிகோரி அக்டோபர் 4-க்கு அடுத்த நாளை அக்டோபர் 15 என்று அறிவித்தார். இனியும் பிழை சேராதிருக்க, நூற்றாண்டு ஆண்டுகளில் 400-ஆல் வகுபடுபவை மட்டுமே லீப் ஆண்டுகள் என்ற விதியும் வந்தது.

கேள்வி: பென்சிலுக்குள் இருப்பது ஈயம் என்கிறார்களே, அதைக் குழந்தைகள் கடித்தால் ஆபத்தில்லையா?

பதில்: பென்சிலை எழுதுவதற்கு மட்டுமே பயன்படுத்துவது நல்லது. ஆனால் அதன் உள்ளே ஈயம் இல்லை. கிராபைட்டும் களிமண்ணும்தான் இருக்கின்றன. 16-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பாரோடேல் பகுதியில் கிடைத்த கரிய கனிமத்தை ஈயத்தின் ஒரு வகை என்று நம்பினார்கள். அது கார்பன் என்று ஷீலே என்ற வேதியியலாளர் 1779-இல் நிறுவிய பிறகும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டது. பென்சிலுக்குக் 'கரிக்கோல்' என்று தமிழில் பெயரிட்டவர்கள் இந்த வகையில் தவறு செய்யவில்லை. கிராபைட் தூளோடு களிமண்ணைக் கலந்து சுடும் முறை, 1795-இல் பிரான்சில் கோந்தே என்பவர் கண்டது. களிமண் கூடக்கூடக் கோல் கடினமாகி, கோடு வெளிறும். ஈயம் உண்மையிலேயே இருந்த இடம் பழங்காலப் பென்சில்களின் மேற்பூச்சு.

கேள்வி: உலகின் மிக உயரமான மலை எவரெஸ்ட் என்பதில் ஐயம் உண்டா?

பதில்: எங்கிருந்து அளக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கடல் மட்டத்திலிருந்து அளந்தால் 8,848.86 மீட்டர் உயரமுள்ள எவரெஸ்ட்டுக்கு இணையில்லை. கடலுக்கு அடியில் இருக்கும் அடிவாரத்திலிருந்து அளந்தால், ஹவாய்த் தீவின் மௌனா கியா அதை மிஞ்சிவிடும். பூமியின் மையத்திலிருந்து அளந்தாலோ, ஈக்வடார் நாட்டின் சிம்போராசோ முந்திக்கொள்ளும். அதன் உயரம் 6,263 மீட்டர்தான் என்றாலும், பூமி நடுக்கோட்டருகே புடைத்திருப்பதால், அதன் உச்சி எவரெஸ்ட் உச்சியைவிடச் சுமார் 2 கி.மீ. கூடுதல் தொலைவில் இருக்கிறது. தேர்வில் கேட்டால் எவரெஸ்ட் என்றே எழுதுங்கள்.

கேள்வி: கணினி விசைப்பலகையில் எஃப், ஜே ஆகிய இரு விசைகளில் மட்டும் சிறு மேடு எதற்கு?

பதில்: பார்க்காமலே இரு ஆள்காட்டி விரல்களையும் உரிய இடத்தில் வைப்பதற்கு.

கேள்வி: உலகில் ஒரே நேரத்தில் மூன்று தேதிகள் இருக்க முடியுமா? நண்பர் முடியும் என்கிறார், எனக்கு நம்பிக்கையில்லை.

பதில்: நண்பர் சொல்வது சரி. கிரீன்விச் நேரத்தைவிட 14 மணி நேரம் முன்னே செல்வது கிரிபாட்டி நாட்டின் லைன் தீவுகள். 12 மணி நேரம் பின்னே நிற்பது பசிபிக்கிலுள்ள பேக்கர் தீவு. இரண்டுக்கும் இடையே 26 மணி நேரம். கிரீன்விச்சில் செவ்வாய்க்கிழமை காலை 10.30 என்று வைத்துக்கொள்வோம். லைன் தீவுகளில் அப்போது புதன்கிழமை பிறந்து அரை மணி நேரம் ஆகியிருக்கும். பேக்கர் தீவிலோ திங்கள் இரவு 10.30. நாள்தோறும் இரண்டு மணி நேரம் இந்த நிலை நீடிக்கிறது.

தேதி இப்படி விளையாடும் என்பதை முதலில் திகைப்போடு உணர்ந்தவர்கள் மகெல்லன் குழுவின் மாலுமிகள். 1519-இல் புறப்பட்டு மேற்கு நோக்கியே உலகைச் சுற்றிய அவர்கள், 1522 ஜூலையில் கேப் வெர்டே தீவுகளை அடைந்தபோது, தங்கள் குறிப்பேட்டின்படி அன்று புதன்கிழமை. கரையில் இருந்தவர்களோ வியாழன் என்றார்கள். நாள் தவறாமல் குறிப்பெழுதிய பிகாஃபெட்டாவுக்கு அது பெரும் வியப்பு. சூரியன் செல்லும் திசையிலேயே பயணம் செய்ததால், அவர்களுடைய ஒவ்வொரு நாளும் சிறிது நீண்டு, முழுச் சுற்றில் ஒரு சூரிய உதயம் குறைந்திருந்தது. இன்று அந்த ஒரு நாளைச் சர்வதேசத் தேதிக் கோட்டில் கழித்துக்கொள்கிறோம். கோட்டின் மறுபுறத்துக்கு மாறுவதற்காக 2011-இல் சமோவா நாடு டிசம்பர் 30-ஐ அடியோடு விட்டுவிட்டு, 29-இலிருந்து நேரே 31-க்குத் தாவியது.

பேக்கர் தீவில் மக்கள் யாரும் வசிப்பதில்லை, அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று நீங்கள் வாதிட்டால், அடுத்து வருவது 11 மணி நேரம் பின்தங்கிய அமெரிக்க சமோவா. அப்போதும் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் நண்பரின் பக்கமே நிற்கும்.