சூப்பர் நின்டெண்டோ சிம்சிட்டியில் 5 இலட்சம் மக்களை எட்டுவது எப்படி? அது சின்னப் பிள்ளைகளின் பதிப்பா?

சிம்சிட்டி என்பது மேயராக இருந்து ஊர் கட்டும் கேம், சூப்பர் நின்டெண்டோ அதை டீவியில் மாட்டி விளையாடும் பெட்டி. அதைப் பற்றி நீங்கள் கேட்டது இரண்டு விஷயம். மக்கள்தொகை 3 இலட்சத்தோடு நின்றுவிட்டது, என்ன செய்யலாம் என்பது ஒன்று. "அது சின்னப் பிள்ளைகளுக்குச் செய்தது, கொம்பியூட்டரில் விளையாடு" என்று கூட்டாளி சொல்கிறார், அது சரியா என்பது மற்றது. இரண்டாவதைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. அதனால்தான் எழுத வந்தேன்.

முதலில் உங்களுக்குத் தேவையானதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் றோட்டுப் போட்டுத்தான் ஊர் கட்டியிருப்பீர்கள், எல்லோரும் அப்படித்தான் தொடங்குவோம். றோட்டில் நெரிசல் வரும், நெரிசலால் புகை வரும், புகை வந்தால் காணி விலை விழும், விலை விழுந்த இடத்தில் பெரிய கட்டடம் எழும்பாது. தண்டவாளத்தில் நெரிசலும் இல்லை, புகையும் இல்லை. றோட்டுத் துண்டு ஒன்று 10 டொலர், தண்டவாளம் 20. அந்த விலையைப் பார்த்துத்தான் ஆட்கள் பின்வாங்குகிறார்கள். பின்வாங்காதீர்கள். அடுத்து, எட்டு மனைகளை வட்டமாக வைத்து நடுவில் பூங்காவையோ ஊர் வளர்ந்ததற்குக் கேம் பரிசாகத் தரும் கட்டடத்தையோ வையுங்கள், சுற்றியுள்ள எட்டுக்கும் காணி விலை ஏறும். மைதானம் இல்லாவிட்டால் குடியிருப்பு ஓரளவோடு நின்றுவிடும். அதேபோல் தொழிற்சாலைக்குத் துறைமுகம், கடைத்தொகுதிக்கு விமான நிலையம். மூன்றும் உங்கள் ஊரில் இருக்கிறதா பாருங்கள். ஆறு நிறைய ஓடும் வரைபடத்தை எடுத்திருந்தால், எவ்வளவு கெட்டிக்காரரானாலும் கட்டுவதற்கு நிலம் காணாது.

இனி என் கதை.

நான் மட்டக்களப்பு, கல்லடி. 2002 இல் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்தபிறகு, சுவிஸிலிருந்து மாமா முதல் தடவையாக ஊருக்கு வந்தார். மகன் விளையாடி விட்ட சூப்பர் நின்டெண்டோவைத் தம்பிக்கென்று கொண்டுவந்தார். தம்பி இரண்டு நாளில் கிரிக்கெட்டுக்கு ஓடிவிட்டான், பெட்டி எனக்கு மிஞ்சியது. "பொம்பிளைப் புள்ளைக்கு இதென்ன விளையாட்டு" என்று அயலில் கேட்டவர்கள் உண்டு. அம்மா மட்டும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. பின்னேரம் தேத்தண்ணியோடு பக்கத்தில் வந்து இருப்பா. "ஆரும் இல்லாத ஊருக்கு லைட் போட்டுக்கொண்டு இரிக்காய் புள்ள, வீட்டு லைட்டை நூர்த்துப்போட்டு விளையாடு" என்பா.

கேம் ஜெர்மன் மொழியில் இருந்தது. பச்சைத் தலைமயிரோடு வந்து ஆலோசனை சொல்லும் டொக்டர் ரைட்டின் ஒரு வசனமும் எனக்கு விளங்காது. விளங்காத சொற்களைக் கொப்பியில் எழுதி வைப்பேன், மாமா ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்கும்போது ஒவ்வொன்றாகக் கேட்பேன். மாமா இருந்தது பேர்ண் நகரத்தில். கேமிலும் பேர்ண் இருக்கிறது! 1965 இல் நெரிசலில் திணறும் ஊர் அது, 10 வருடத்துக்குள் சரிப்படுத்த வேண்டும். நான் றோட்டை அகலமாக்க இரட்டை இரட்டையாகப் போட்டு மூன்று தடவை தோற்றேன். மாமாவிடம் சொன்னபோது, "மருமகள், இஞ்ச ட்ராம் ஓடுது. நீ றோட்டைக் கிண்டி எறிஞ்சுபோட்டு தண்டவாளம் போடு" என்றார். அடுத்த தடவை வென்றேன். மேலே சொன்ன தண்டவாள யோசனை ஒரு புத்தகத்திலும் படித்ததில்லை, மாமா போனில் சொல்லித் தந்தது.

நெரிசல் எனக்குப் புதிதுமில்லை. அப்போது கல்லடிக்கும் மட்டக்களப்பு டவுனுக்கும் இடையில் இருந்தது பழைய இரும்புப் பாலம் ஒன்றுதான். ஒரு வாகனம் போகும் அகலம். அந்தப் பக்கத்து பஸ் வரும்வரை இந்தப் பக்கம் முழுக்க நிற்க வேண்டும், ரியூசனுக்குப் பிந்தினால் காரணம் கேட்கவே மாட்டார்கள். 2013 இல் பக்கத்தில் புதுப் பாலம் திறந்தார்கள். ஒரு பாலத்தை மட்டும் நம்பிய ஊர் எப்படி மூச்சுத் திணறும் என்பதை, ஒரே நேரத்தில் வீட்டில் டீவியிலும் வெளியே பஸ் யன்னலிலும் பார்த்து வளர்ந்தவள் நான்.

இப்போது உங்கள் கூட்டாளிக்குப் பதில். கொம்பியூட்டர் ஆட்கள் கோபிக்க வேண்டாம். வில் ரைட் கொம்பியூட்டருக்குச் செய்து 1989 இல் வெளிவந்ததுதான் மூலம், அதை நான் மறுக்கவில்லை. டொக்டர் ரைட்டின் பெயரே அவரிடமிருந்து வந்தது. மௌஸால் கட்டுவது கையில் பிடிக்கும் கொன்ட்ரோலரை விட வேகம் என்பதும் உண்மை. ஆனால் 1991 இல் நின்டெண்டோ அதற்கு உரிமம் வாங்கி வெறுமனே சுருக்கித் தரவில்லை. 2,000 பேர் சேர்ந்ததும் மேயருக்கு வீடு வருகிறது. ஊர் வளர வளரப் பாட்டு மாறுகிறது, சோயோ ஓகா இசையமைத்தது. கிராமப் பாட்டை இன்றைக்குக் கேட்டாலும் எனக்கு அம்மாவின் தேத்தண்ணி மணக்கும். நாலு பருவத்துக்கும் மரங்களின் நிறம் மாறும். வெயிலும் மாரியும் தவிர வேறு காலம் தெரியாத எனக்கு, இலையுதிர்காலம் என்றால் என்ன என்று காட்டியது அந்தக் கேம்தான். இதையெல்லாம் சேர்த்துச் செய்ததைச் சின்னப் பிள்ளை விளையாட்டு என்பது, விளையாடாதவர் சொல்லும் பேச்சு.

அதில் இல்லாததும் உண்டு. தண்ணீர்க் குழாய் கிடையாது, வடிகான் கிடையாது. கேமில் இல்லாவிட்டால் பரவாயில்லை. எங்கள் ஒழுங்கையில் வளவை விட ஒரு அடி உயர்த்திக் கொங்கிரீட் போட்டுவிட்டு, வடிகான் வெட்டாமல் போனார்களே, அதை என்னவென்று சொல்வது? ஒவ்வொரு கார்த்திகை மார்கழியிலும் மழைத் தண்ணி குசினிக்குள் வருகிறது. நாலு தரம் கடிதம் கொடுத்தோம், வந்து பார்த்தார்கள், அளந்தார்கள், போனார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் ஊர் கட்டுவதைப் பற்றிப் பேசும் இடத்தில் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

கேமில் ரியோ நகரம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. 2047, கடல் ஊருக்குள் ஏறும். 2004 மார்கழி 26 க்குப் பிறகு நான் அதைத் தொடவில்லை. கல்லடி, நாவலடி ஆட்களுக்கு விளக்கம் தேவையில்லை. எங்கள் வீடு வாவிப் பக்கம் என்பதால் தப்பியது, பெட்டியும் அலுமாரிக்கு மேல் இருந்து தப்பியது.

தப்பிய ஊரைத் தொலைத்தது ஒரு திருத்துகிற கடை. பெட்டியில் செருகும் கேம் கார்ட்ரிட்ஜுக்குள் ஒரு சின்னப் பட்டரி இருக்கும், சேவ் செய்த ஊர்கள் அதில்தான் உயிரோடிருக்கும். இரண்டு ஊர் வைக்கலாம். ஒன்று என்னுடையது, 471,000 பேர். மற்றது தம்பி கத்தாருக்குப் போகுமுன் கட்டிவிட்டுப் போனது, ஒரு ஆறும் பத்துப் பன்னிரண்டு வீடும். பெட்டி சில நாள் மக்கர் பண்ணியதால் கொண்டுபோய்க் கொடுத்தேன். "உள்ளுக்கு இருக்கிறது அழியக்கூடாது அண்ணன்" என்று இரண்டு தரம் சொன்னேன். பட்டரியைச் சும்மா கழற்றிப் புதிதைப் பற்றவைத்துத் தந்தார்கள். வீட்டில் போட்டுப் பார்த்தால் இரண்டு இடமும் வெறுமை. என் ஊருக்கு நான் அவ்வளவு கவலைப்படவில்லை. தம்பியின் அந்தப் பன்னிரண்டு வீட்டுக்குத்தான் அழுதேன். கேமுக்கு அழுவதா என்று கேட்பவர்கள் கேட்கட்டும்.

2020 ஊரடங்கில் திரும்பக் கட்டினேன். எல் பட்டனை அமுக்கிக்கொண்டு கையிருப்பை 999,999 ஆக்கும் குறுக்குவழி எனக்கும் தெரியும், தொடவில்லை. தானாக முளைக்கும் ஆஸ்பத்திரியையும் பள்ளிக்கூடத்தையும் இடித்து வீடாக்கினால் ஆட்கள் கூடுவார்கள் என்பார்கள், அதற்கும் எனக்கு மனம் வரவில்லை. செய்பவர்களைக் குறை சொல்லவில்லை. அவை இல்லாமலே 5 இலட்சம் வரும், வந்தது, அதற்குப் பரிசான மாரியோ சிலையும் கிடைத்தது. தம்பி கட்டியதைப் போலவே ஒரு ஆற்றோரம் பார்த்துப் பன்னிரண்டு வீட்டுக்கு நடுவில் வைத்தேன். படம் எடுத்துக் கத்தாருக்கு அனுப்பினேன். "அக்கா, ஆறு மற்றப் பக்கமாக வளையும்" என்று பதில் போட்டான்.

உங்களுடையதும் பழைய கார்ட்ரிட்ஜ் என்றால், இன்றைக்கே பட்டரியைப் பாருங்கள். சிஆர் 2032, 3 வோல்ட். பழையதைக் கழற்றுமுன் வேறொரு 3 வோல்ட்டை இணைத்து வைத்துக்கொண்டு மாற்றத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். அவர் செய்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.