கேளுங்கள், சொல்கிறேன்: மேயருக்கு எவ்வளவு அதிகாரம்?

கேள்வி: டொரண்டோவில் வேலை பார்க்கும் என் மகன், அங்கே மேயருக்குக் கூடுதல் அதிகாரம் கொடுத்திருப்பதாகச் சொல்கிறான். சென்னை மேயருக்கும் அப்படிக் கொடுத்தால் எங்கள் தெருவில் கழிவுநீர் பொங்குவது நிற்குமா?
- ஒரு வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: அதிகாரம் மட்டும் வந்தால் நிற்காது, அம்மா. துறையும் கூட வர வேண்டும். உங்கள் தெருவின் மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. அதே தெருவில் புதைந்திருக்கும் கழிவுநீர்க் குழாய், 1978-இல் மாநில அரசு அமைத்த குடிநீர் வாரியத்துடையது. டொரண்டோவில் இரண்டுமே நகராட்சியின் பொறுப்பு. இங்கே மாநகராட்சிக்குள்ளும் நிர்வாக அதிகாரம் ஆணையரிடம்தான். அவரை நியமிப்பது மாநில அரசு.

உங்கள் மகன் சொல்வது, ஒண்டாரியோ மாகாணம் 2022-இல் கொண்டுவந்த சட்டம். முதலில் டொரண்டோ, ஒட்டாவா மேயர்களுக்கு வந்தது. தலைமை நிர்வாக அதிகாரியை மேயரே நியமிக்கலாம். பட்ஜெட்டை அவரே முன்வைக்கலாம். இவை இரண்டும் நமக்கும் வேண்டும் என்பேன். ஆனால் அதே ஆண்டு வந்த இன்னொரு சட்டம், மன்றத்தில் மூன்றில் ஒரு பங்கினர் ஆதரித்தாலே சில துணைவிதிகளை, அதாவது நகரத்துக்கான உள்ளூர்ச் சட்டங்களை, மேயர் நிறைவேற்றலாம் என்றது. அதுவும், வீட்டுவசதி போல மாகாண அரசு முக்கியம் என்று குறித்த விஷயங்களுக்கு. அப்படியானால் மக்கள் அனுப்பிய மற்ற உறுப்பினர்கள் எதற்கு? இதை என்னால் ஏற்கவே முடியாது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், மன்றமே இல்லாத சென்னையில் வளர்ந்தவள் நான். 1973-இல் பழைய வண்ணாரப்பேட்டையில் பிறந்தேன். அதே ஆண்டு மாமன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996-இல்தான். இருபத்துமூன்று வயது வரை எங்கள் தெருவுக்குக் கவுன்சிலர் என்று ஒருவர் இருந்ததில்லை. குழாயடியில் விடியுமுன் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, யாரிடம் போய்ச் சொல்வது என்று அம்மா கேட்பார். அப்பாவிடம் பதில் இருக்காது. 1996-இல் கவுன்சிலருக்கு ஒரு வாக்கு, மேயருக்கு ஒரு வாக்கு போட்டுவிட்டு வந்த அன்று, அம்மா விரல் மையை அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் காட்டினார். 2016-இல் மறுபடியும் மன்றம் போனது. 2022 வரை வரவில்லை.

கொல்கத்தாவில் 1980-ஆம் ஆண்டுச் சட்டப்படி மேயரும் சில உறுப்பினர்களும் சேர்ந்த குழுவிடம் நிர்வாகம் இருக்கிறது. குடிநீருக்கு ஒருவர், குப்பைக்கு ஒருவர் என்று பொறுப்பைப் பிரித்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்த முறைதான் பிடிக்கிறது.

கேள்வி: மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தால் என்ன?
- ஒரு வாசகர், காசிமேடு

பதில்: தேர்ந்தெடுத்திருக்கிறோமே! 1996, 2001, 2011 மூன்று முறையும் நேரடித் தேர்தல்தான். 2006-இலும் 2022-இலும் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். முறை மாறியதே தவிர, ஆணையரின் அதிகாரம் அப்படியே இருந்தது. மேயர் தேர்தல் முறை எப்படியிருந்தாலும், 2022-இல் வந்த விதிகளின்படி வார்டுக்குள் பகுதி சபை, அதாவது அந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசும் கூட்டம், உண்டு. உங்கள் பகுதியில் எப்போது கூடுகிறது என்று கவுன்சிலரிடம் கேளுங்கள். கொருக்குப்பேட்டை அம்மாவும் கேட்கட்டும்.