2018-இல் நின்றுபோன கார்டு கடனுக்கு இப்போது அழைப்பு வந்தால்

2018-இல் கட்டாமல் நின்றுபோன கிரெடிட் கார்டு கடனுக்காக இப்போது அழைத்து, கொஞ்சம் பணம் கட்டிக் கடிதத்தில் கையெழுத்திடச் சொல்கிறார்கள், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். 2018 ஜூனுக்குப் பிறகு நீங்கள் எதுவும் கட்டாமலும் எழுத்தில் ஒப்புக்கொள்ளாமலும் இருந்து, வங்கி வழக்கும் தொடராமல் இருந்தால், 1963-ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டப்படி வழக்குத் தொடர்வதற்கான மூன்றாண்டுக் கெடு முடிந்துவிட்டது. கொரோனாவுக்காக உச்ச நீதிமன்றம் விலக்கிவைத்த 15.03.2020 முதல் 28.02.2022 வரையிலான காலத்தைக் கழித்தாலும் அப்படித்தான். கடன் அழியவில்லை, அதற்காக வழக்குத் தொடரும் உரிமைதான் போயிற்று.

இத்தனை ஆண்டுக்குப் பின் அழைப்பு வருவதற்குக் காரணம், வங்கி அந்தக் கடனை வேறொரு நிறுவனத்துக்கு விற்றிருப்பதாக இருக்கலாம். கை மாறியதால் கெடு புதிதாகத் தொடங்காது.

முதலில் இரண்டைப் பாருங்கள். கடைசியாகக் கட்டிய தேதியை வங்கி அறிக்கையில் உறுதிசெய்யுங்கள். பிறகு நீதிமன்ற வழக்கு விவரங்களைத் தேடிப் பார்க்க உதவும் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் பெங்களூரு நகர உரிமையியல் நீதிமன்றத்தைத் தேர்ந்து உங்கள் பெயரைத் தேடுங்கள். அல்சூர் வாடகை வீட்டைக் காலி செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். சம்மன் அந்தப் பழைய முகவரிக்கே போய், நீங்கள் அறியாமலே தீர்ப்பாகியிருந்தால் கதை வேறு, ஏனெனில் தீர்ப்பை நிறைவேற்ற 12 ஆண்டு அவகாசம் உண்டு.

“ஆயிரம் ரூபாய் மட்டும் கட்டி ஒரு கடிதத்தில் கையெழுத்திடுங்கள்” என்கிறார்களே, எனக்கு அந்தக் கடிதம்தான் உறுத்துகிறது. கெடு முடிந்த கடனையும் தருவதாக எழுதிக் கையெழுத்திட்டால், இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 25(3) பிரிவின்படி அது புதிய ஒப்பந்தமாகிவிடும். மின்னஞ்சலிலும் வார்த்தையை அளந்தே எழுதுங்கள்.

இவையெல்லாம் அடமானமில்லாத கடனுக்கே பொருந்தும். வீட்டை அடமானம் வைத்த கடனுக்குக் கெடு 12 ஆண்டு.