ரிவர்ஸ் ஸ்டிக் என்றால் என்ன, தெரியுமா?

கேள்வி: அக்கா, என் மகள் இங்கே சிங்கப்பூரில் ஜேசி (ஜூனியர் காலேஜ்) முடித்து, அதன் இறுதித் தேர்வான ஏ லெவல் ரிசல்ட்டும் வாங்கிவிட்டாள். ஹாக்கி நன்றாக ஆடுவாள். 2019 கடைசியில் பென்சில்வேனியாவில் ஒரு சின்னக் கல்லூரியின் கோச் அவள் வீடியோவைப் பார்த்து ஆர்வமாகப் பேசினார். அப்புறம் கொரோனா. இங்கே பள்ளிப் போட்டிகள் ரத்து, அங்கேயும் ஆட்டம் இல்லை. ஆகஸ்ட்டில் கோச் வீடியோ கால் கேட்டார், பரீட்சை நேரம் என்று தள்ளிப்போட்டோம். அதிலிருந்து பதில் குறைந்து, இப்போது நின்றே போய்விட்டது. பழைய ஆட்டக்காரர்களுக்கே இன்னொரு வருஷம் கொடுத்துவிட்டார்கள், இனி இடம் இருக்காது என்கிறார்கள். அவளுக்குப் படிப்பு நெருக்கடி என்பதால் கோச்சுக்குப் போகும் ஈமெயில்களை அவள் பெயரில் நானேதான் எழுதுகிறேன். ஒன்றை இணைத்திருக்கிறேன். ஏஜெண்ட் யாரையாவது பிடிக்கலாமா?
- ஈசூனிலிருந்து ஒரு தாய், மார்ச் 2021

பதில்: ஏஜெண்ட் கிடக்கட்டும் தங்கச்சி. நீங்கள் இணைத்த ஈமெயிலை மூன்று தடவை படித்தேன். "என் ரிவர்ஸ் ஸ்டிக் ஷாட் இப்போது நன்றாகத் தேறியிருக்கிறது, கோச்" என்று எழுதியிருக்கிறீர்கள். ரிவர்ஸ் ஸ்டிக் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது, தம்பி மகனைக் கேட்டேன். மட்டையின் பின்பக்கத்தால் பந்தைத் தொடக் கூடாதாம், அதனால் பந்து இடது பக்கம் வந்தால் மட்டையைத் திருப்பிப் பிடித்து அடிப்பார்களாம். சரி, அது எங்கே தேறியது? 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை சர்க்கிட் பிரேக்கர் என்ற ஊரடங்கு, எல்லாரும் வீட்டுக்குள். அப்புறம் டிசம்பர் கடைசி வரை வெளியில் ஐந்து பேருக்கு மேல் கூட முடியாது. பதினோரு பேர் ஆடும் ஆட்டம் இது. தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டிகளும் இல்லை. உங்கள் பெண் செங்காங் ஹாக்கி அரங்கத்தை வெளியிலிருந்துகூடப் பார்த்திருக்க மாட்டாள். ஆனால் ஷாட் மட்டும் உங்கள் கீபோர்டில் தேறிவிட்டது.

இடம் இருக்காது என்று யார் சொன்னார்களோ, அவர்களுக்குப் பாதிதான் தெரியும். 2020 ஆகஸ்ட்டில் அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின், சின்னக் கல்லூரிகள் பல ஆடும் மூன்றாம் டிவிஷனின் இலையுதிர்கால சாம்பியன்ஷிப்கள் எல்லாம் ரத்தானது உண்மை, பெண்கள் ஹாக்கி அந்தப் பருவத்து ஆட்டம்தான். ஆடாமல் போன பருவம் பிள்ளைகள் கல்லூரிக்காக ஆடக்கூடிய வருஷக் கணக்கில் கழியக் கூடாது என்று விதியைத் தளர்த்தியதும் உண்மை. ஆனால் மூன்றாம் டிவிஷனில் விளையாட்டுக்கு ஸ்காலர்ஷிப்பே கிடையாது. இன்னொரு வருஷம் ஆட வேண்டுமென்றால் இன்னொரு வருஷத்துக் கட்டணத்தை வீட்டிலிருந்துதான் கட்ட வேண்டும், பல தனியார் கல்லூரிகளில் சாப்பாடு, தங்குமிடம் சேர்த்து ஆண்டுக்கு 60,000 அமெரிக்க டாலருக்கு மேல். எத்தனை பேர் ஒரு மட்டைக்காக அதைக் கட்டுவார்கள்? அந்தச் சின்னக் கல்லூரிகள் ஓடுவதே மாணவர் கட்டும் பணத்தில்தான், கோச்சுகளின் வேலையில் பாதி அந்த மாணவரைப் பிடித்துக் கொண்டுவருவது. இலினாய்ஸில் 1846-ல் தொடங்கிய மக்மரே கல்லூரி ஏற்கெனவே பணக் கஷ்டத்தில் இருந்தது, கொரோனாவும் சேர்ந்துகொள்ள 2020 மே மாதம் மூடியே விட்டார்கள். ஆள் வேண்டாம் என்று சொல்லும் நிலையில் பல கல்லூரிகள் இல்லை.

அப்படியிருக்க அந்த மனிதர் ஏன் வாயை மூடிக்கொண்டார்? தேதியை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவரால் விமானம் ஏற முடியாது, ஆட்டம் பார்க்க முடியாது, உங்கள் பெண்ணைக் கல்லூரிக்கு வரவழைத்துச் சுற்றிக்காட்டவும் முடியாது. அவருக்கு மிச்சமிருந்தது ஒரு பழைய வீடியோவும் ஈமெயில்களும்தான். அந்த ஈமெயிலை எழுதும் பெண் யாரென்று அரை மணி நேரம் பேசிப் பார்க்க ஆசைப்பட்டார். நீங்கள் பரீட்சை என்றீர்கள். ஆகஸ்ட்டில் ஏது ஏ லெவல் எழுத்துத் தேர்வு, அது அக்டோபர் நவம்பரில்தானே? அதற்கு முன் பள்ளியே வைக்கும் பிரிலிம் தேர்வு என்பீர்கள். பிரிலிமுக்குப் படிக்கிற பிள்ளை டிக்டாக் பார்க்கவே இல்லையா? உண்மையைச் சொல்லுங்கள், ஈமெயிலில் பேசிய பெண்ணும் திரையில் வாய் திறக்கப்போகும் பெண்ணும் ஒரே ஆளாக இருக்க மாட்டார்கள் என்ற பயம்தானே?

இது எனக்கே நடந்த கதை. முதல் வேலைக்கு என் அப்பா உட்கார்ந்து அழகான ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதித் தந்தார். நேர்முகத்தில் அதிலிருந்த ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டார்கள், திருதிருவென்று முழித்தேன். அப்பா மேல் இன்றும் எனக்குக் கோபமில்லை, ஆனால் அந்த முழிப்பு மறக்கவில்லை.

பெற்றவர் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. கட்டணம் கட்டுங்கள், வயிறு நிறையச் சோறு போடுங்கள், நம் கையில் உள்ள பணம் இவ்வளவுதான் என்று கணவரும் நீங்களும் அவளை உட்காரவைத்துக் கணக்குக் காட்டுங்கள் (கடிதத்தில் கணவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, அவர் எங்கே?). பிள்ளையின் வாயை மட்டும் எடுத்து உங்கள் முகத்தில் ஒட்டிக்கொள்ளாதீர்கள். இத்தனை நீளக் கடிதத்தில் உங்கள் மகள் போக ஆசைப்படுகிறாள் என்று ஒரு வரி இல்லை, கவனித்தீர்களா? "தள்ளிப்போட்டோம்" என்கிறீர்கள். அந்த "ஓம்"-இல் அவள் இருந்தாளா?

அவளுக்கும் ஒரு கொட்டு உண்டு. ஓடத் தெரிந்த கால், பதினெட்டு பத்தொன்பது வயது, தன் பெயரில் போகும் கடிதத்தைப் படித்துக்கூடப் பார்க்காமல் அம்மா தலையில் கட்டியவள், நாளைக்கு அமெரிக்காவில் துணி துவைக்க யாரைக் கூப்பிடுவாள்?

ஏஜெண்ட் வேண்டாம். கோச்சுகளின் முகவரி கல்லூரித் தளத்திலேயே இருக்கிறது, மாணவர் நிரப்பும் படிவமும் பல இடங்களில் உண்டு. கோச் வேண்டும் என்றாலும் இடம் கொடுப்பது சேர்க்கை அலுவலகம்தான், அதனால் விண்ணப்பம் என்ன நிலையில் இருக்கிறது என்பதையும் இன்றே பாருங்கள். அப்புறம் அவளைக் கேளுங்கள். போக வேண்டாம் என்றால் அத்தோடு விடுங்கள், உள்ளூர்ப் பல்கலைக்கழகத்திலும் ஹாக்கி ஆடலாம். போகிறேன் என்றால் அந்தக் கோச்சுக்கு அவளே எழுதட்டும், முன்பு வந்தவை அம்மா எழுதியவை என்று முதல் வரியிலேயே சொல்லட்டும், வீடியோ கால் அவளே கேட்கட்டும். ஆங்கிலம் தப்பாக இருந்தாலும் நீங்கள் தொடக் கூடாது, ஒரு கமாவைக்கூட. எழுதும் முன் ஈமெயில் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லுங்கள், புதுசு என்னவென்று கேட்காதீர்கள்.