ஈர இலைகள் கிடக்கும் சாலையில் வண்டி ஏன் வழுக்குகிறது?

டயர் சாலையை விடாமல் பற்றுவதைத்தான் பிடிப்பு என்கிறோம். சாலையின் சொரசொரப்பில் ரப்பர் அழுந்துவதால் அது கிடைக்கிறது. இலையுதிர் காலத்தில் விழுந்த இலைகள் மழையில் ஊறி, சக்கரங்களில் நசுங்கி, கொழகொழப்பான படலமாகப் படிகின்றன. அப்போது ரப்பர் தொடுவது சாலையை அல்ல, அந்தப் படலத்தை. பாசி பிடித்த படியில் கால் வைப்பது போலத்தான்.

மேலே காய்ந்து தெரிந்தாலும் அடியில் ஈரம் இருக்கும், அதுவும் நிழல் விழும் வளைவுகளில். ஆகவே வளைவுக்கு முன்பே, வண்டி நேராகப் போகும்போதே வேகத்தைக் குறையுங்கள். வளைவுக்குள் பிரேக் பிடித்தால், இருக்கும் கொஞ்சப் பிடிப்பைத் திரும்புவதற்கும் நிற்பதற்கும் பங்கு போட வேண்டியிருக்கும். வண்டி விலகுவது அங்கேதான். முன் வண்டியோடு 2 வினாடி இடைவெளியை 4 ஆக்குங்கள். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் அது சுமார் 67 மீட்டர். டயரின் வரிப்பள்ளங்களின் ஆழம் 3 மி.மீ.க்குக் கீழே போனால் டயரை மாற்றிவிடுவது நல்லது.

ஏபிஎஸ் என்னும் பிரேக் அமைப்பு இருந்தால் வண்டி எங்கும் சட்டென்று நிற்கும் என்று பலர் நம்புகிறார்கள். அது சக்கரம் இறுகிப்போகாமல் தடுத்து ஸ்டீயரிங்கைத் திருப்ப வழிவிடுமே தவிர, இல்லாத பிடிப்பை உண்டாக்காது.