ஈப்புலியை ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?

அன்புள்ள அண்ணனுக்கு,

திருமங்கலத்தில் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். நீங்கள் போடும் ஈப்புலி, அதாவது குதிக்கும் சிலந்திப் படங்களைப் பார்த்துப் பழைய கேமரா ஒன்றும் மேக்ரோ லென்ஸும் வாங்கினேன். ஆறு மாதமாக மொட்டைமாடி மல்லிகைத் தொட்டிகளோடுதான் மல்லுக்கட்டுகிறேன். ஒரு படம்கூடத் தேறவில்லை. கண் தெளிவாக வந்தால் கால் மங்கல். காலைப் பிடித்தால் கண் போச்சு. அதற்குள் சிலந்தியே தாவிவிடுகிறது. டப்பாவில் போட்டுப் பத்து நிமிஷம் ஃப்ரிட்ஜில் வைத்தால் அசையாமல் நிற்கும் என்கிறார் ஒரு நண்பர். செய்யலாமா? இதைவிட விலை கூடிய லென்ஸ் வாங்க வேண்டுமா? கடித்துவிடும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள், அதற்கும் ஒரு பதில் சொல்லுங்கள்.

ச., திருமங்கலம்

அன்புள்ள தம்பி,

ஃப்ரிட்ஜ் வேண்டாம். நானும் ஒரு தடவை செய்தவன் என்பதால்தான் இவ்வளவு வெடுக்கென்று சொல்கிறேன். படமெடுக்கத் தொடங்கிய புதிதில், சுவரில் திரிந்த ஒன்றைச் சின்ன டப்பாவில் பிடித்து இட்லி மாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். (அதை வீட்டில் கண்டுபிடித்த பிறகு நடந்தது தனிக்கதை.) வெளியே எடுத்தபோது சிலந்தி அசையவில்லை. ஆசைதீர எடுத்தேன், எல்லாம் துல்லியம். பூச்சிகளோடு பழகிய ஒரு நண்பரிடம் பெருமையாகக் காட்டினேன். பார்த்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "செத்துப்போச்சா?"

கால்களைப் பார்த்துக் கேட்டிருக்கிறார். சிலந்தியின் காலில் முக்கியமான மூட்டுகளை மடக்கத் தசை உண்டு, நீட்டத் தசை கிடையாது. உடம்பில் இருக்கும் திரவத்தை அழுத்திக் காலுக்குள் தள்ளித்தான் அது காலை நீட்டுகிறது. ஜேசிபியின் கை எண்ணெய் அழுத்தத்தில் நீள்வதைப் பார்த்திருப்பீர்களே, அந்த மாதிரி. தாவும்போதும் அந்த அழுத்தம்தான் காலை விருட்டென்று நீட்டுகிறது. அழுத்தம் போனால் கால் உள்ளே சுருண்டுவிடும். செத்த சிலந்தி எப்போதும் காலை மடக்கிக்கொண்டு கிடப்பது அதனால்தான். என் ஃப்ரிட்ஜ் சிலந்தியும் பாதி அப்படித்தான் இருந்தது. எனக்குத் தெரியவில்லை, அவருக்குத் தெரிந்துவிட்டது.

சரி, மங்கலுக்கு வருவோம். உயிரளவு உருப்பெருக்கத்தில், அதாவது சென்சாரில் பிம்பம் சிலந்தியின் அளவிலேயே விழும்போது, லென்ஸின் துளையைச் சுருக்கி எஃப் 11இல் வைத்தாலும் தெளிவாக விழுகிற ஆழம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். உங்கள் மாடியில் திரிவதோ ஒரு சென்டிமீட்டர் நீளப் பிராணி. கண்ணும் பின்னங்காலும் ஒன்றாகத் தெளிவாக வரவே வராது. எஃப் எண்ணை இன்னும் ஏற்றினால் படம் முழுக்கக் கூர்மை குறைந்து சோகை பிடித்த மாதிரி ஆகிவிடும். பல படங்களை எடுத்து ஒட்டும் வேலை உயிரோடு ஓடுகிற சிலந்திக்கு ஒத்துவராது, எனக்கு அதில் பெரிய பிரியமும் இல்லை. முன்னால் இருக்கும் இரண்டு பெரிய கண்கள் மட்டும் தெளிவாக இருக்கட்டும். கால் மங்கினால் மங்கட்டும்.

இதில் ஒரு வேடிக்கை. உங்களுக்குத் தொல்லையாக இருக்கிற மங்கல்தான் அந்தச் சிலந்திக்கு அளவுகோல். அதன் பெரிய கண்ணில் விழித்திரை நான்கு அடுக்கு. ஓர் அடுக்கில் பிம்பம் தெளிவாக விழும்போது இன்னோர் அடுக்கில் மங்கலாகத்தான் விழும். அந்த மங்கல் எவ்வளவு என்பதை வைத்து இரை இருக்கும் தூரத்தைக் கணிக்கிறது. 2012இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஹசாரியஸ் அடன்சோனி என்ற வீட்டுச் சிலந்தியை வைத்து இதைக் காட்டினார்கள். ஒளியின் நிறம் மாறினால் மங்கலின் அளவும் மாறும். பச்சை ஒளியில் அது சரியாகப் பாய்ந்தது. சிவப்பு ஒளியில் கணக்குத் தப்பி, குறிக்கு முன்னாலேயே விழுந்தது. நம் ஊர் வீடுகளிலும் அந்த இனம் உண்டு.

இன்னொன்றும் அந்தக் கண்ணில் இருக்கிறது. லென்ஸ் தலையோடு ஒட்டியது, அசையாது. அதற்குப் பின்னால் ஒரு குழாய், குழாயின் கடைசியில் விழித்திரை. உள்ளிருக்கும் தசைகள் அந்தக் குழாயைத்தான் திருப்புகின்றன. விழித்திரை நேரே உங்களைப் பார்க்கும்போது கண் கன்னங்கரேலென்று தெரியும். வேறு பக்கம் திரும்பினால் அதே கண் தேன் நிறத்துக்கு வெளுக்கும். நான் காத்திருப்பது அந்தக் கறுப்புக்காக. அதற்கு நீங்கள் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். மெதுவாகக் கிட்டே போய் அப்படியே நில்லுங்கள். முதலில் ஓடும், அப்புறம் நின்று திரும்பி இது யாருடா என்று பார்க்கும். சில நேரம் லென்ஸ் மேலேயே தாவி ஏறிவிடும். ஊதி விரட்டாதீர்கள், ஒரு குச்சியில் ஏற்றி இலையில் விடுங்கள்.

கைவேலை ஒன்று சொல்கிறேன், எனக்குப் பலன் கொடுத்த ஒரே வித்தை இதுதான். சிலந்தி இருக்கும் காம்பை இடது கை விரல்களில் பிடியுங்கள். அந்தக் கையின் மேலேயே லென்ஸின் முனையை ஊன்றுங்கள். இப்போது காம்பும் கேமராவும் சேர்ந்தே ஆடும். ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிட்டு மணிக்கட்டை இம்மியளவு முன்னே பின்னே நகர்த்தினால் போதும். வெளிச்சத்துக்கு ஃப்ளாஷ் கட்டாயம். குறைந்த சக்தியில் அது ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்கும் குறைவாகத்தான் மின்னும், கை நடுக்கம் படத்தில் ஏறாது. ஆனால் மொட்டை ஃப்ளாஷ் கண்ணில் ஊசி மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி வைத்துவிடும். நான் பழைய வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்து ஒரு கம்பி வளையத்தில் கட்டி ஃப்ளாஷுக்கு முன்னால் மாட்டியிருக்கிறேன். கடையில் விற்பதைவிட மோசமில்லை.

லென்ஸ் மாற்ற வேண்டாம். உயிரளவைத் தாண்ட ஆசை வந்தால் கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டும் வெற்றுக் குழாயான எக்ஸ்டென்ஷன் ட்யூப் போதும்.

கடிக்குமா? கையில் நசுக்கினால் கடிக்கலாம், மனிதருக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை. சிலந்தி என்றால் நம் மொழியில் புண்ணுக்கும் அதுதான் பெயர். வீட்டுப் பயத்துக்கு அதுவும் ஒரு காரணமோ என்று எனக்குச் சந்தேகம். எங்கள் அப்பத்தா எட்டுக்கால் பூச்சியைக் கண்டால் விளக்குமாற்றை எடுப்பார், இதை மட்டும் "ஈப்புலி, இருக்கட்டும்" என்று விட்டுவிடுவார். வலை கட்டிக் காத்திருக்காமல் ஈயைப் பதுங்கிப் பாயும் பிராணிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குக் கிடைக்கவில்லை. இந்தக் குடும்பத்தில் 6,000க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. உங்கள் சுவரில் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்டுத் திரியும் ஆண் அநேகமாகப் பிளெக்சிப்பஸ் பேய்குல்லி. பெயரில்தான் பேய், பொறுமைசாலி. அதிலிருந்தே தொடங்குங்கள்.

கை பழகிய பிறகு அழகர்கோவில் பக்கத்து மாந்தோப்புகளுக்குப் போய் முசுறு ஊரும் மரங்களைப் பாருங்கள். முன்னங்கால் இரண்டையும் உணர்கொம்பு போல் தூக்கிக்கொண்டு எறும்பு வேஷத்தில் ஒரு சிலந்தி நடக்கும். எண்ணினால் கால் எட்டு. எண்ணுவதற்குள் நிஜ முசுறு நாலு உங்கள் கழுத்தில் ஏறியிருக்கும், நான் பட்டிருக்கிறேன். கீழக்குயில்குடியில் சமணர் மலை அடிவாரத் தாமரைக் குளத்தைச் சுற்றியுள்ள புதர்களும் நல்ல இடம்.

அதுவரை மல்லிகைத் தொட்டி போதும். இரவில் டார்ச் அடித்து இலைகளின் அடிப்பக்கம் பாருங்கள். மடிந்த இலைக்குள் வெள்ளையாக ஒரு நூல் பை தெரிந்தால் பிரிக்காதீர்கள், உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும், முட்டையோடு தாயும் இருக்கலாம். காலையில் வெயில் தொட்டியில் விழுவதற்கு முன்னால் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுங்கள். வெளியே வந்ததும் முதலில் உங்களைத்தான் பார்க்கும்.